மார்ச் மாதத்துக் கண்ணாடிப் பனி: ரொறன்ரோவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஸ்காபரோவில் குடியிருந்துகொண்டு மார்க்கத்திலோ ஏஜக்சிலோ பிரம்ரனிலோ வேலை செய்கிற நம்மவர்கள் ஜனவரி மாதத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு மார்ச் மாதத்துக்குப் பயப்படுவதில்லை. களஞ்சிய வேலையில் பத்தொன்பது பனிக்காலங்களைக் கழித்த அனுபவத்தில் சொல்கிறேன், பயப்பட வேண்டியது மார்ச்சுக்குத்தான். ஜனவரிப் பனி வெள்ளையாக, கண்ணுக்குத் தெரியும்படி, முழங்கால் அளவுக்குக் கிடக்கும். அதைப் பார்த்தவுடன் கால் தானாகவே மெதுவாகிவிடும். பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையான காலத்திலோ, பகலில் வெப்பநிலை 3, 4 என்று ஏறிப் பனி உருகித் தண்ணீராக ஓடி, இரவில் மைனஸ் 7, 8 என்று இறங்கும்போது அந்தத் தண்ணீர் ஓடிய இடத்திலேயே உறைந்துவிடுகிறது. தாரின் கருமை அப்படியே ஊடுருவித் தெரியும் மெல்லிய பனிக்கட்டி அது. மாலையில் நீங்கள் தாண்டிப்போன அதே தேங்கிய தண்ணீர்தான் காலையில் உங்களை விழுத்துகிறது.

அதனால் இந்தக் காலத்துத் தொல்லைகளில் பெரும்பாலானவை முதல்நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகின்றன, முதல்நாள் மாலையிலேயே பாதி தீர்க்கவும் படலாம். எஞ்சிய பாதி வேலைத்தளத்தில் வருவது. அங்கே காலநிலையைவிட, நாம் யாருக்கு, எப்போது, எதை எழுத்தில் தெரிவித்தோம் என்பதுதான் சம்பளத்தையும் வேலையையும் காப்பாற்றுகிறது.

முதல்நாள் மாலை

காலநிலை அறிக்கையில் எத்தனை சென்ரிமீற்றர் பனி கொட்டும் என்பதை மட்டும் பார்த்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். இன்றைய பகலின் உச்ச வெப்பநிலையையும் நாளை விடியற்காலையின் தாழ்ந்த வெப்பநிலையையும் பாருங்கள். முதலாவது பூச்சியத்துக்கு மேலும் இரண்டாவது பூச்சியத்துக்குக் கீழும் இருந்தால், வானம் நிர்மலமாக இருந்தாலும், ஒரு துளி பனிகூடக் கொட்டாவிட்டாலும், நாளைக் காலை வழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளின் மிகக் குளிரான நேரம் பெரும்பாலும் சூரியன் உதிப்பதை ஒட்டியே வருகிறது. மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு அதிகாலையில் மணிக்கூட்டை ஒரு மணி முன்தள்ளியதும் ரொறன்ரோவில் சூரிய உதயம் ஏறத்தாழ 7:40 க்குப் போய்விடும். அதாவது, அதற்கு முன்தினம் வரை ஓரளவு வெளிச்சத்தில் வேலைக்குப் போனவர் திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் இருட்டில், அதுவும் நிலம் மிக இறுகி உறைந்திருக்கும் நேரத்தில், ஒரு மணி நேரத் தூக்கமும் குறைந்த நிலையில் கதவைத் திறந்துகொண்டு இறங்குகிறார். அந்தக் கிழமை முழுவதும் எழும் நேரத்தை இருபது நிமிடம் முன்னே வைப்பது என் வழக்கம்.

உறைமழை எச்சரிக்கை வந்திருந்தால் கதை வேறு. மேலே சற்றுச் சூடான காற்றுப் படையும் நிலத்தை ஒட்டி உறைநிலைக்குக் கீழான காற்றும் இருக்கும்போது, மழைத்துளி நீராகவே விழுந்து, தொட்ட பொருளின்மீது அக்கணமே பனிக்கட்டியாகிறது. படி, கைபிடி, காரின் கதவு, மரக்கிளை, மின்கம்பி எல்லாமே கண்ணாடி பூசியதுபோல ஆகிவிடும். 2025 மார்ச் கடைசி வார இறுதியில் ஒறிலியா, பீற்றர்பரோ பக்கத்தில் இப்படிப் பெய்த உறைமழை லட்சக்கணக்கான வீடுகளின் ஹைட்ரோவை நிறுத்தியது; சில இடங்களில் மின்சாரம் திரும்ப நாட்கணக்கானது. வசந்தம் பிறந்து ஒரு கிழமைக்குப் பிறகு நடந்தது இது. எனவே உறைமழை என்ற சொல்லைக் கண்டால் அன்றிரவே கைத்தொலைபேசிகளை முழுதாக மின்னேற்றி வையுங்கள், காரை மரத்தின் கீழிருந்து நகர்த்துங்கள், வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை என்றால் மடிக்கணினியை அன்றே வீட்டுக்கு எடுத்து வாருங்கள், அப்படிச் செய்ய முடியாத வேலை என்றால் யாருடைய காரில் யார் போவது என்பதை அன்றே பேசி முடியுங்கள்.

வீட்டு வாசலில் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். மாலையில், தண்ணீர் இன்னும் தண்ணீராக இருக்கும்போதே, படியிலும் டிரைவ்வேயிலும் தேங்கியிருப்பதைத் தும்புத்தடியால் தள்ளிவிட்டு உப்புப் போடுங்கள். கட்டியான பிறகு போடும் உப்பைவிட இதற்குக் குறைவாகவே போதும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது நடைபாதைக்கு நேரே திறந்திருந்ததால், ஒவ்வொரு மார்ச்சும் சரியாகக் கதவிலிருந்து நான்காவது அடியில் ஒரு பாய் அளவுக்குப் பனிக்கட்டி விரியும். ஒரு முழங்கை இணைப்பை வாங்கிப் புல் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் அது ஒழிந்தது. சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10 ஐத் தாண்டிக் குளிர் இறங்கினால் வேலை செய்வது மிகவும் குறைந்துவிடும். அந்த இரவுகளில் மணலைத் தூவுங்கள். மணல் எதையும் உருக்காது, ஆனால் சப்பாத்துக்குப் பிடி கொடுக்கும்.

இந்தக் காலத்தில் விழும் பனி ஈரமானது, பாரமானது. ஜனவரியில் ஒரு சவல் அள்ளிய அதே கையால் மார்ச்சில் அள்ளும்போது இரண்டு மடங்கு கனம் போலத் தெரியும். வீதியைத் துப்புரவாக்கும் வண்டி டிரைவ்வேயின் வாயில் ஒதுக்கிவிட்டுப் போகும் அந்த மேடு இன்னும் மோசம். இருதய வருத்தம் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், பனிக்காலம் முழுக்க உடம்பை அசைக்காமல் இருந்தவர்கள் அதைத் தூக்கி எறியாமல் தள்ளி ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருபது டொலர் கொடுத்துச் செய்விப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வழியில்

காரில் போகிறவர்கள் பெப்ரவரி கடைசியில் தவறாமல் பார்க்க வேண்டியது கண்ணாடி கழுவும் திரவம். உருகிய பனியும் உப்பும் கலந்த சேற்றை முன்னால் போகும் லொறி 401 நெடுஞ்சாலை முழுக்க நம் கண்ணாடியில் அடித்துக்கொண்டே போகும். துடைப்பான் அதை வெள்ளைப் பூச்சாக இழுத்துவிடும். விடியற்காலைச் சூரியன் அதன்மேல் பட்டால் ஒன்றுமே தெரியாது. மைனஸ் 35 அல்லது 40 வரை உறையாது என்று எழுதியிருக்கும் திரவத்தில் ஒரு கான் எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். கோடைகாலத்துக்குரிய மலிவுத் திரவம் ஓடும் காற்றிலேயே கண்ணாடியில் உறைந்துவிடும். காரின் கூரையிலுள்ள பனியையும் தள்ளிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். சூடேறி அடியில் ஈரமான பனி, முதலாவது சிவப்பு விளக்கில் பிரேக் பிடித்ததும் ஒரே பாளமாக முன்கண்ணாடியில் இறங்கும். அல்லது பின்னால் வருகிறவரின் மேல் பறக்கும்.

விண்டர் ரயர் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 இலிருந்து மார்ச் 15 வரை கட்டாயம். ஆனால் மலையும் பனித்துளிப் பூவும் சேர்ந்த அடையாளமுள்ள ரயரின் றப்பர் 7 பாகைக்குக் கீழும் இளகியே இருக்கும். மற்ற ரயர்களின் றப்பர் அந்த வெப்பநிலையிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதி விற்கும் நிறுவனங்கள் அனைத்தும் 2016 தொடக்கத்திலிருந்து விண்டர் ரயருக்குக் கட்டணக் கழிவு கொடுக்க வேண்டும். கேட்டுப் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் மதிய உணவு மேசையில் விசாரித்தேன். எட்டுப் பேரில் மூன்று பேர்தான்.

புறப்படுமுன் மாகாணத்தின் ‘ஒன்ராறியோ 511’ சேவையில் நெடுஞ்சாலைகளின் நிலையைப் பாருங்கள். பனியைவிடப் பனிக்குப் பிந்திய குழிகளும் இந்தப் பருவத்துக்கே உரியவை: தாரின் வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து பருத்து, உருகி, மறுபடி உறைந்து தாரைப் பெயர்த்துவிடுகிறது. தண்ணீர் நிரம்பிய குழியின் ஆழம் தெரியாது. தண்ணீர் தேங்கிய சந்தேகமான இடத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி விழாமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு மெதுவாகக் கடக்க வேண்டும்.

பஸ்ஸிலும் சப்வேயிலும் போகிறவர்களின் பாடு இன்னும் நீளம். ஸ்காபரோவின் 3 ஆம் இலக்க ரயில் 2023 யூலை 24 இல் தடம் புரண்ட பிறகு திரும்ப ஓடவேயில்லை. கென்னடிக்கும் ஸ்காபரோ சென்ரருக்கும் இடையில் பஸ்தான். ஆகவே பனி நாளில் மற்றவர்களுக்கு ஒரு தாமதம் என்றால் ஸ்காபரோக்காரருக்கு இரண்டு: பஸ்ஸுக்கு ஒன்று, சப்வேக்கு ஒன்று. சப்வே நிலத்துக்கடியில்தான் ஓடுகிறது, பனி என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். 2 ஆம் பாதை வார்டன் நிலையப் பக்கத்திலும், 1 ஆம் பாதை ரோஸ்டேல், டேவிஸ்வில் நிலையங்களின் பக்கத்திலும் திறந்தவெளியில்தான் போகின்றன. பெரிய பனி நாட்களில் மேட்டுப்பாங்கான இடங்களிலுள்ள சில தரிப்பிடங்களில் பஸ்ஸை நிறுத்தாமல் ரொறன்ரோவின் போக்குவரத்துச் சபையான ரிரிசி விட்டுவிடுவதும் உண்டு. உங்கள் தரிப்பிடம் அப்படிப்பட்ட இறக்கத்தில் இருந்தால் அடுத்ததற்கு நடந்துபோக நேரம் வையுங்கள்.

மாற்றுவழி ஒன்றை நல்ல காலநிலையுள்ள ஒரு நாளில் போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 பெப்ரவரி 26 இலிருந்து ரிரிசியிலிருந்து புறநகர்களுக்கு ஓடும் கோ ரயிலுக்கோ அயலிலுள்ள யோர்க், டுறம் பிராந்தியங்களின் பஸ்ஸுக்கோ மாறும்போது இரட்டைக் கட்டணம் கட்டத் தேவையில்லை என்பதால், முன்பு செலவுக் கணக்கில் ஒதுக்கிய வழிகள் இன்று கட்டுபடியாகும். ஸ்காபரோ, எக்ளிங்ரன், கில்ட்வுட் கோ நிலையங்களுக்கு அருகில் இருந்துகொண்டு பனி நாளில் ஒரு மணி நேரம் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. தரிப்பிடத்தில் நிற்பதுதான் உடம்பைக் கெடுப்பது. காற்றுடன் சேர்த்து மைனஸ் 28 ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். காதையும் விரல்களையும் மூடுங்கள். வேலைத்தளச் சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நீர் புகாத பூட்ஸைப் போட்டுப் போங்கள். நனைந்த காலுறையுடன் எட்டு மணி நேரம் சீமெந்துத் தரையில் நிற்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் தகவல்

தாமதமாகப் போகிறோம் என்று தெரிந்த கணத்தில் நம்மில் பலர் செய்வது, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருப்பது. பஸ் வந்துவிடும், ஓடிப் பிடித்துவிடலாம், சொல்லாமலே போய்விடலாம் என்ற எண்ணம். சிஃப்ட் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து அனுப்பும் செய்தி சாட்டுப்போலத் தெரியும். தொடங்க நாற்பது நிமிடம் இருக்கும்போது அனுப்பும் அதே செய்தி பொறுப்பாகத் தெரியும். உண்மை இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தச் செய்தியில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், எந்த சிஃப்ட், இப்போது நிற்கும் இடம், தாமதத்துக்குக் காரணம், வந்துசேரக்கூடிய நேரம். உதாரணமாக, “நான் இன்று 7 மணி சிஃப்ட். 6:15 இலிருந்து கென்னடி நிலையத்தில் நிற்கிறேன். 2 ஆம் பாதை நிறுத்தப்பட்டுள்ளது. மாற்று பஸ்ஸில் வருகிறேன், 7:45 அளவில் வந்துவிடுவேன். மாலையில் அந்த நேரத்தை ஈடுசெய்ய முடியும்.” இதற்கு மேல் மன்னிப்பும் கதையும் வேண்டாம். ரிரிசியின் அறிவித்தலைத் திரையிலிருந்து படமாகப் பிடித்துச் சேர்த்து அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னீர்கள் என்றால், சொல்லி முடித்ததும் “இப்போது பேசியபடி” என்று தொடங்கும் ஒரு வரியைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். லீட் (குழுவை நடத்துபவர்) ஒருவரிடம் வாயால் சொன்னது மூன்று கிழமை கழித்து மனிதவளப் பிரிவின் முன்னால் இல்லாமல் போய்விடும். எனக்கே ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. அழைத்தேன், சரி என்றார், பிறகு அழைப்பே வரவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நல்ல காலம், தொலைபேசியின் அழைப்புப் பதிவு அழியாமல் இருந்தது. அதைக் காட்டிய பிறகு கடிதம் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் முடியாதவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் ஒருவரை நிறுத்துவதற்கு ஒன்ராறியோ வேலைவாய்ப்பு நியமங்கள் சட்டத்தின் கீழ் முன்னறிவித்தலோ அதற்குப் பதிலான பணமோ கொடுக்க வேண்டியதில்லை. சட்டம் துணை நிற்காத இடத்தில் நேரத்துக்கு அனுப்பிய தகவல்தான் துணை.

சம்பளம்

பனி நாட்களில் வேலைத்தளங்களில் எழும் வழக்குகளில் நான் அதிகம் கேட்டது மூன்று மணிநேர விதியைப் பற்றியது; அதைப் பாதி தெரிந்து வைத்திருப்பவர்களும் அதிகம். ஒரு நாளில் வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிற ஒருவரை வரச் சொல்லி, அவர் வந்து, மேலும் வேலை செய்ய ஆயத்தமாக நிற்கும்போது, மூன்று மணி நேரம் முடியுமுன் திருப்பி அனுப்பினால் மூன்று மணி நேரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2025 ஒக்ரோபர் 1 இல் நடப்புக்கு வந்த 17.60 டொலர் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தில், ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவருக்கு 17.60 அல்ல, 52.80 டொலர் சேர வேண்டும்.

மீதிப் பாதியைப் பார்ப்போம். தீ, மின்னல், மின்தடை, புயல் போன்ற, முதலாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் வேலை கொடுக்க முடியாமல் நின்றுபோனால் இந்த விதி பொருந்தாது. உறைமழையில் ஹைட்ரோ போய்க் களஞ்சியமே இருண்டுவிட்டால் நீங்கள் வேலை செய்த நேரத்துக்கு மட்டும்தான் பணம். ஆனால் வெளியே பனி கொட்டுகிறது என்பது மட்டுமே போதாது. வாடிக்கையாளரின் ஓடர்கள் குறைந்துவிட்டன, ஆட்கள் கூடிவிட்டார்கள் என்பதற்காக அனுப்பிவிட்டு அதற்குப் பனியைப் பெயராகச் சொல்வதும் நடக்கிறது. மின்விளக்கு எரிந்துகொண்டும் மற்ற ஐம்பது பேர் வேலை செய்துகொண்டும் இருந்தால், என்ன காரணத்தால் அனுப்புகிறீர்கள் என்று பணிவாகக் கேட்டு, பதிலை அன்றே குறித்து வையுங்கள். இன்னொன்று: விதி வேலைத்தளத்துக்கு வந்தவருக்குத்தான். வீட்டை விட்டு இறங்குமுன் ‘இன்று வர வேண்டாம்’ என்ற செய்தி வந்துவிட்டால் கோர முடியாது. ஆகையால் புறப்பட்ட நேரம், வந்துசேர்ந்த நேரம், செய்தி வந்த நேரம் மூன்றும் முக்கியம்.

தாமதமான நேரத்துக்குச் சம்பளம் கொடுக்காமல் விடலாம், அதில் தவறில்லை. பதினைந்து நிமிடம் பிந்தியவரிடம் ஒரு மணி நேரத்தைத் தண்டனையாக வெட்ட முடியாது. செய்த வேலைக்குச் சம்பளம் தந்தே ஆக வேண்டும். இரண்டு கிழமை தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு மூன்று நாள் சம்பளமில்லாச் சுகவீன விடுமுறையும், குடும்பப் பொறுப்புக்கென மூன்று நாள் சம்பளமில்லா விடுமுறையும் உண்டு. பனியால் பாடசாலை பஸ் நின்று, பிள்ளையைப் பார்ப்பவரும் வராமல், எதிர்பாராத அவசரம் ஏற்படும் நாளில் இந்த இரண்டாவதை நினைவில் கொள்ளுங்கள். சுகவீன விடுமுறைக்கு வைத்தியரின் சான்றிதழைக் கேட்க 2024 ஒக்ரோபர் 28 முதல் முதலாளிக்கு உரிமையில்லை. நியாயமான வேறு ஆதாரம் கேட்கலாம். காய்ச்சலுடன் பனியில் நடந்துபோய் வோக்-இன் கிளினிக்கில் மூன்று மணி நேரம் குந்தியிருந்த காலம் இந்தளவிலாவது முடிந்தது.

வங்கி, விமான சேவை, மாகாணம் தாண்டி ஓடும் லொறி நிறுவனங்கள் மத்திய அரசின் தொழிற்சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே ஆண்டுக்கு பத்து நாள் வரை சம்பளத்துடன் மருத்துவ விடுமுறை சேரும். விமான நிலையத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் முதலாளி எந்தச் சட்டத்தின் கீழ் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர்கள், அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று தொழில் அமைச்சின் இணையதளத்தில் பார்க்கலாம். 2024 யூலை 1 இலிருந்து அது கட்டாயம். சம்பளம் சம்பந்தமான முறைப்பாட்டை இரண்டு ஆண்டுக்குள் அமைச்சில் இலவசமாகச் செய்யலாம், முறையிட்டதற்காகப் பழிவாங்குவதையும் சட்டம் தடுக்கிறது. தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் வழி வேறு, சங்கப் பிரதிநிதியிடம் போக வேண்டும்.

களஞ்சியக் குளிர்

மூடிய தொழிற்கூடங்களில் வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது என்பது ஒன்ராறியோ விதி. பழுதாகும் பொருட்களுக்காகக் குளிரூட்டிய அறைகளுக்கும், கதவு திறந்து மூடுவதால் சூடாக்குவது நடைமுறைக்கு ஒவ்வாத இடங்களுக்கும் விதிவிலக்கு உண்டு. ஆகவே லோடிங் கதவருகே நிற்பவர் 18 ஐக் கோர முடியாமல் போகலாம். நடுக்கூடத்தில் பொதியிடும் மேசையில் நிற்பவர் கோரலாம். வெப்பமானி ஒன்றைப் பத்து டொலருக்கு வாங்கி மேசையில் வைத்து, மூன்று நாள் காலையில் படம் எடுத்து, பிறகு பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதியிடம் கொடுங்கள். ‘குளிர்கிறது’ என்ற பேச்சுக்கு இல்லாத பெறுமதி ‘13’ என்ற எண்ணுக்கு இருக்கிறது.

ஒரு வேலை உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் அதைச் செய்ய மறுக்கும் உரிமையும் உண்டு. பனிக்கட்டி படிந்த இறங்குமேடையில் போர்க்லிப்ட் ஓட்டச் சொல்வது போன்ற வேளைகளில், சூப்பர்வைசரிடம் உடனே காரணத்தைச் சொல்லி, அருகில் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும். அவர் தொழிலாளர் பிரதிநிதி முன்னிலையில் ஆராய வேண்டும். அதன் பிறகும் தீராவிட்டால் அமைச்சின் பரிசோதகர் வருவார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அது மறுப்பு ஆகாது, வேலையை விட்டுப் போனதாக எழுதிவிடுவார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் பாதை வழுக்குவது இந்த உரிமைக்குள் அடங்காது என்பதையும் கவனியுங்கள்.

விழுந்தால்

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் காலை, வேலைத்தள வாகனத் தரிப்பிடத்தில், காரின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய முதலாவது அடியிலேயே விழுந்தேன். கையில் தேநீர்ப் போத்தல், மற்றக் கையில் சாப்பாட்டுப் பை. இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டதால் மணிக்கட்டு முழு உடம்பின் பாரத்தையும் வாங்கியது. படுத்திருந்த நிலையில் பார்த்தபோதுதான் அந்தக் கறுப்புத் தாரின்மேல் தரிப்பிட விளக்கு முழுதாகப் பிரதிபலிப்பது தெரிந்தது. நின்றபோது அது தெரியவில்லை. யாராவது பார்த்தார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி. எழுந்து, தட்டிவிட்டு, உள்ளே போய், ஒருவருக்கும் சொல்லாமல் வேலை செய்தேன். மதியம் பெட்டி தூக்க முடியவில்லை. எங்கள் வரிசையில் நீண்டகாலம் வேலை செய்த அக்கா ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, “தம்பி, வெக்கத்த விட்டிட்டு இப்பவே போய் எழுதிக் குடுங்கோ. நாளைக்கு வீட்டில விழுந்தனீர் எண்டு சொல்லுவாங்கள்” என்றார். அவர் சொன்னதுதான் நடந்திருக்கும். அன்று மாலையே விபத்துப் படிவம் நிரப்பியதால் மட்டும் அந்த ஆறு கிழமைப் பிரச்சினை ஒரு வழிக்கு வந்தது.

முதலாளியின் கட்டுப்பாட்டிலுள்ள வாகனத் தரிப்பிடத்தில், வேலைக்கு வரும்போதோ போகும்போதோ விழுந்தாலும் அது பொதுவாக வேலைத்தளக் காயமாகவே கொள்ளப்படும் என்பது பலருக்குத் தெரியாது. அன்றே சூப்பர்வைசருக்கு எழுத்தில் சொல்லுங்கள். இடத்தைப் படம் எடுங்கள், ஏனெனில் பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அந்தப் பனிக்கட்டி உருகிச் சாட்சி இல்லாமல் போய்விடும். வைத்தியரிடம் போகும்போது வேலையில் ஏற்பட்ட காயம் என்று சொல்லுங்கள். காயப்பட்ட நாளின் முழுச் சம்பளத்தையும் முதலாளி தர வேண்டும். மருத்துவம் தேவைப்பட்டது அல்லது வேலை இழந்தீர்கள் என்றால், தெரிய வந்து மூன்று வேலை நாட்களுக்குள் அவர் வேலைத்தளக் காப்புறுதிச் சபைக்கு அறிவிக்க வேண்டும். தொழிலாளியின் கோரிக்கைக்கு ஆறு மாதம் இருக்கிறது. ‘சபைக்குப் போக வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று யாராவது தோளில் தட்டிச் சொன்னால், அந்த அன்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

விழுந்தது மாநகரசபையின் நடைபாதையில் என்றால் கணக்கு வேறு: இடம், நேரம், நடந்தது எல்லாவற்றையும் பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் மாநகரசபைக்கு அறிவிக்க வேண்டும், அதிலும் பனி விடயத்தில் சபையின் அலட்சியம் பாரதூரமானது என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். கடை, மாடிக்குடியிருப்பு போன்ற தனியார் இடம் என்றால் அறுபது நாள். பத்து நாள் என்பது கையில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கும்போது ஒரு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

விமானம்

மார்ச் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள், திரும்பிவந்த மறுநாளே வேலை என்று வைக்காதீர்கள். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ நேரடி விமானம் இல்லை. டோஹா, துபாய், லண்டன் என்று ஓரிடத்தில் மாற வேண்டும். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் பனி நாளில் ஒவ்வொரு விமானமும் இறக்கையிலுள்ள பனியை நீக்கும் திரவம் தெளித்த பிறகே கிளம்பும்; தெளித்ததன் பலன் குறிப்பிட்ட நேரம்தான் நிற்கும், வரிசை நீண்டால் மறுபடி தெளிக்க வேண்டும். 2025 பெப்ரவரி 17 அன்று அங்கே விமானம் ஒன்று தரையிறங்கும்போது கவிழ்ந்து, அதிலிருந்த 80 பேரும் உயிர் தப்பினார்கள். அதற்கு முந்திய நாட்களின் பெரும் பனியுடன் சேர்ந்து அந்தக் கிழமை முழுக்கப் பியர்சன் தடுமாறியது. இரண்டு பயணங்களையும் ஒரே சீட்டில் எடுத்தவருக்கு இணைப்பு விமானம் தவறினால் விமான நிறுவனமே வேறு இடம் பிடித்துத் தர வேண்டும். நூற்றைம்பது டொலர் மிச்சம் பிடிக்கத் தனித்தனிச் சீட்டு எடுத்தவர் தம் பாட்டைத் தாமே பார்க்க வேண்டும்.

காலநிலையால் தாமதமானால் கனடிய விதிகளின்படி நட்டஈடு கிடையாது. உணவும் விடுதியும்கூடக் கட்டாயமில்லை. ஆனால் பெரிய நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் புறப்படும் விமானத்தில் இடம் தர வேண்டும், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதா வேறு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றுவதா என்பதை நீங்கள் தெரிவுசெய்யலாம். தாமதத்துக்கு நிறுவனமே காரணமாகி, அது பாதுகாப்புக்குத் தேவைப்பட்டதாகவும் இல்லாவிட்டால், இறங்குமிடத்தில் 3 முதல் 6 மணி நேரத் தாமதத்துக்கு 400, 9 மணி வரை 700, அதற்கு மேல் 1000 டொலர். கோர ஓராண்டு இருக்கிறது. காலநிலை என்று சொன்னார்களா, ஆட்கள் இல்லை என்று சொன்னார்களா என்பதை விமானம் ஏறும் வாயிலின் அறிவிப்புப் பலகையோடு படம் எடுத்து வையுங்கள். அதே படம் சூப்பர்வைசருக்கும் போகட்டும்.

விண்டர் ரயரைக் கழற்ற ஏப்ரல் நடுப்பகுதிக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது வெயில் நாளில் எல்லோரும் ஒன்றாகக் கராஜுக்கு ஓடுவார்கள், பிறகு இரண்டு கிழமைக்கு இடம் கிடைக்காது. உப்பு வாளியை நான் அதற்குப் பிறகும் ஒரு கிழமை வாசலில்தான் வைத்திருப்பேன்.